காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தலாமா?

(பெற்றோர் கூட்டத்தில் மருத்துவர் ஆற்றிய உரை)



பிள்ளைக்குத் தொண்டை வலி என்றால் நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் அது சரிதான். சளி, இருமல், மூக்கொழுகலோடு வரும் தொண்டை வலி வைரஸால் வருவது. சில நாளில் தானே சரியாகிவிடும். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.

ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டை வலி வேறு. 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கே இது அதிகம். திடீரென்று காய்ச்சல் அடிக்கும். எச்சில் விழுங்கினாலும் வலிக்கும். கழுத்தில் நெறி கட்டும். இருமல் பெரும்பாலும் இருக்காது. இப்படி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் வலி குறையும், கிருமி போகாது.

இதற்குப் பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் மருந்தை வழக்கமாக 10 நாள் கொடுக்கச் சொல்வோம். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். பிள்ளை ஓடியாடும். மீதி மாத்திரையை அடுத்த பிள்ளைக்கு ஆகும் என்று அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கிருமி முழுதாகப் போகாவிட்டால், சில வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். மூட்டுகள் வீங்கும், இதய வால்வு கெட்டுப்போகும். அப்படி வந்த பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு ஊசி, வருடக்கணக்கில் போட வேண்டும். சிலருக்கு வால்வு அறுவை சிகிச்சை வரை போகும். இத்தனையையும் தடுக்கக்கூடியது அந்த 10 நாள் மருந்து. அரசு மருத்துவமனையில் காட்டினால் அதற்குக் காசும் இல்லை. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு மருந்து இருக்கிறது.

இனி, மற்ற பிள்ளைகளைப் பற்றி. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் எச்சில் வழியாக இது பரவுகிறது. நெருக்கி உட்காரும் வகுப்பறை, ஓதும் பள்ளி, அங்கன்வாடி எல்லாம் இதற்கு வசதியான இடங்கள். மருந்து ஆரம்பித்து ஒரு முழு நாள் ஆகி, காய்ச்சலும் விட்ட பிறகு பிள்ளையை அனுப்புங்கள். அதற்குமேல் வீட்டில் நிறுத்திவைக்கத் தேவையில்லை. தண்ணீர் பாட்டிலும் டம்ளரும் ஆளுக்கொன்று இருக்கட்டும். இருமினால் முழங்கையை மடக்கி வாயை மூடவும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும் பழக்குங்கள். அங்கன்வாடியில் பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைகளைத் தினமும் கழுவ வேண்டும். வீட்டில் இன்னொரு பிள்ளைக்கும் தொண்டை வலித்தால் அந்தப் பிள்ளையையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மிச்ச மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஹஜ்ரத்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். காய்ச்சலுக்கு லீவு போட்ட பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் காய்ச்சலோடு வகுப்புக்கு வருகிறார்கள்.

தாய்மார்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். பாதியில் நிறுத்திய மாத்திரை இருந்தால், அது எந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது என்று யோசித்து, அந்தப் பிள்ளையை ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.