குளக்கட்டும் அதன் காவலும்



பொறியியலாளர் என்போர் யாவர் என்று கேட்டால், பாலம் கட்டுவோர், வீதி அமைப்போர் என்றே பலரும் விடை கூறுவர். கட்டியதைக் காப்போர் என்பார் அரியர். திறப்புவிழாவன்று மாலையிடுகிறோம், அதன்பின் முப்பது ஆண்டு அதனைக் காத்தவனை யாரும் அறியார். இதனை மனக்குறையாகக் கூறவில்லை. சிறிது மனக்குறையும் உண்டென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டு மன்னன் கோணேசர் ஆலயத்துக்காக அமைத்தான் என்பது நம்மவர் மரபு. பூதங்கள் கட்டின என்று பாட்டிமார் கதை சொல்வர். சரித்திரகாரர் வேறு அரசர் பெயரைக் கூறுவர். அவ்வழக்கினுள் நாம் இன்று புகவில்லை. யார் கட்டியதாயினும், ஏறக்குறைய 50 அடி உயரமான அக்கட்டு 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி அதிகாலை 3 மணியளவில் உடைந்தது. உறங்கிக் கிடந்த ஊர்கள்மேல் வெள்ளம் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. அன்று மழையுமில்லை, புயலுமில்லை என்று எண்ணி வியப்பவர் உளர். ஆனால் மண்கட்டுக்குப் பகைவன் வெளியிலிருந்துதான் வரவேண்டுமென்பதில்லை.

எந்த மண்கட்டிலும் நீர் சிறிது கசியும். அது குற்றமன்று. கசியும் நீர் தெளிவாயிருக்குமட்டும் பெரிதும் அஞ்ச வேண்டியதில்லை. அது கலங்கினால், கட்டின் மண்ணையே உள்ளிருந்து எடுத்துச் செல்கிறது என்பது பொருள். நூலளவான வழி விரலளவாகும், விரலளவு குழாயளவாகும், பின்னர் மேற்கட்டு இடிந்து விழும். மண்ணோடு கல்லோ கொங்கிறீற்றோ சேருமிடத்திலேதான் இவ்வழி எளிதில் உண்டாகும். ஆகவே பழைய துருசின் பக்கங்களை நாம் ஐயத்தோடே பார்ப்போம். கறையான் புற்றும், பெருமரத்தின் உக்கிய வேரும் அவ்வாறே. கந்தளாய்க் கட்டின்மேற் பாரவாகனங்கள் ஓடியமையும் உடைவுக்குக் காரணமாகக் கூறப்பட்டது.

மருந்து எளியது. கசியுமிடத்தில் தகுந்த பருமனுள்ள மணலையும், அதன் வெளியே பருக்கைக் கற்களையும் படைபடையாக இடுவது. நீர் போகும், மண் நிற்கும். மணலின் பருமனை எவ்வாறு தெரிவது என்பதற்கு டெர்சாகி என்னும் பேரறிஞர் விதி வகுத்தார். கசிவை அடைத்து மூட முயல்வதுதான் பெரும்பிழை; அடைபட்ட நீர் வேறு வழி தேடும்.

கந்தளாய்க் குளம் வயலுக்கு மட்டுமன்று, திருகோணமலை மக்களின் குடிநீருக்கும் ஆதாரம். இத்தகைய கட்டுகளைத் திருத்தப் பணம் கேட்கும்போது, "இதுவரை உடையவில்லையே" என்ற விடை எமக்குக் கிடைப்பதுண்டு. அவ்விடைக்கு அஞ்சி வாய்மூடும் பொறியியலாளன் தன் தொழிலைச் செய்தவனாகான். ஐயம் எழுந்தால் எழுத்தில் அறிவிக்கவேண்டும். கேளாவிடின் மறுபடியும் அறிவிக்கவேண்டும். கட்டு உடைந்தால் நீர் எந்த ஊரை எத்தனை நாழிகையில் அடையும் என்று கணித்து, அவ்வூரவர்க்கு முன்னரே கூறிவைப்பதும் எமது கடமை.

இச்சங்கத்து வாலிபர் பலர் குளத்தடி ஊரவர். மாரியில் குளம் வான் பாயும்போது பார்க்க எல்லோரும் ஓடுகிறோம். அப்படியே கட்டின் வெளியடியையும் ஒருமுறை நடந்து பாருங்கள். கசிவு கண்டால் ஒரு கண்ணாடிப் போத்தலில் ஏந்தி வெளிச்சத்திற் பிடியுங்கள். கலங்கலாயிருந்தால் நீர்ப்பாசன உத்தியோகத்தரை அன்றிரவே எழுப்புங்கள். விடியட்டும் என்று இராதீர்கள்.