கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்ற பாலையா



இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் ரி.எஸ். பாலையா. பெயரைக் கேட்டதும் வயதில் மூத்த நேயர்கள் சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். இளையவர்களுக்கு முகத்தைக் காட்டினால் தெரியும், பெயர் தெரியாது. படம் எம்.ஜி.ஆருடையது, சிவாஜியுடையது என்றுதான் நாங்கள் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் படங்களைத் தோளில் சுமந்தவர்களைக் கேட்பார் இல்லை.

ஹொலிவூட்டில் இப்படியானவர்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து துணை நடிகருக்கென்றே ஒஸ்கார் விருது கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் அதைப் பெற்ற வோல்ரர் பிரெனன் பின்னர் மேலும் இரண்டு தடவை பெற்றார்.

அதே 1936இல்தான் பாலையாவும் 'சதி லீலாவதி' மூலம் திரைக்கு வந்தார். 1914இல் தென்பாண்டிச் சீமையின் சுண்டன்கோட்டையில் பிறந்து நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர் அவர். படத்தை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அதுதான் முதற்படம். கதாநாயகன் எம்.கே. ராதா. அவரைக் குடிக்குப் பழக்கிக் கெடுக்கிற நண்பனாகப் பாலையா. கெட்டுப்போன கதாநாயகன், தான் கொலை செய்துவிட்டதாக எண்ணி எங்கே தப்பி ஓடுகிறான் தெரியுமா? இலங்கைக்கு, தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலைக்கு. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் எங்கள் தீவுக்கு வந்து சேர்வதாகக் கதை எழுதிய காலமும் ஒன்று இருந்திருக்கிறது!

அடுத்த வருடம் 'அம்பிகாபதி'யில் பாகவதரோடு வாட்சண்டை போடும் வில்லன். பிறகு 'வேலைக்காரி', 'தூக்குத் தூக்கி', 'மதுரை வீரன்' என்று நீண்டுகொண்டே போகிறது. பாட்டுக்காகப் படம் பார்த்த காலம், வசனத்துக்காகப் பார்த்த காலம், கலருக்காகப் பார்த்த காலம் என்று மூன்று காலம் வந்து போனது. கதாநாயகர்கள் சிலர் ஒரு காலத்தோடு நின்றுபோனார்கள். பாலையா மூன்றிலும் நின்றார். வில்லன் மெல்ல மெல்ல அப்பாவாக மாறினார். இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அடியேன் பாலையாவைப் பார்க்கும் முன்னரே அவரைக் கேட்டவன். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டது உங்களிற் பலருக்கும் நினைவிருக்கும். 'திருவிளையாடல்' கதைவசன ஒலிநாடா ஒன்று எங்கள் ஒழுங்கையில் வீடுவீடாகச் சுற்றியது. அண்ணன் கேட்பார், நான் சுற்றுவேன். கை சோர்ந்தால் பாலையாவின் குரலும் இழுபடும். மனிதர் ஏற்கெனவே இழுத்து இழுத்துப் பேசுகிறவர். அது அவருடைய இழுவையா, எங்கள் சைக்கிளின் இழுவையா என்று தெரியாமல் சிரிப்போம்.

1965இல் வந்த அந்தப் படத்தில் அவர் ஹேமநாத பாகவதர். பாண்டிய நாட்டையே பந்தயமாகக் கேட்கிற வித்துவான். சபையில் பாடும் குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. ஆனால் அந்தத் தலைக்கனம் முழுக்கப் பாலையாவின் கழுத்திலும் புருவத்திலும் இருக்கிறது. அன்றிரவு விறகுவெட்டியாக வந்த சிவாஜி வெளியே பாடுகிறார். பாலையா எழுந்து வந்து விசாரிக்கிறார். இவன் பாணபத்திரர் சீடனாகக்கூடச் சேர்த்துக்கொள்ளாத ஆள் என்று அறிந்ததும் அவருடைய குரல் இறங்குகிறதே, அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எவ்வளவு செருக்குப் பிடித்தவரானாலும் அந்த நேரத்தில் அவரை வெறுக்க மனம் வராது. பிறகு இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகிறார். 1995 இடப்பெயர்வுக்கு முன்பு அந்த இடத்தில் நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். அதற்குப் பிறகு எனக்கு அதில் சிரிப்பு வந்ததில்லை.

'காதலிக்க நேரமில்லை' இதற்கு ஒரு வருடம் முந்தியது, ஸ்ரீதரின் படம். பட முதலாளியாகத் துடிக்கும் மகன் நாகேஷ், தகப்பன் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தை அறியாதவர் இல்லை. கதையைச் சொல்வது நாகேஷ். வாயாலேயே அத்தனை சத்தங்களையும் எழுப்புகிறார். பாலையாவுக்கு வேலை கேட்பது மட்டும்தான். ஆனால் பயம் இருப்பது அவருடைய முகத்தில். அவர் பயப்படாவிட்டால் நாகேஷ் சொல்வது வெறும் சத்தம்.

மல்கிரேவில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்தப் படத்தைப் போட்டார்கள். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வராது. பேரனுக்குத் தமிழ் விளங்கும், ஆனால் வாயில் வராது. இருவருக்கும் இடையில் "சாப்பிட்டியா?", "யெஸ்" என்பதற்கு மேல் நாளாந்தம் பேச்சில்லை. பேய்க்கதை வந்தபோது பேரன் திரையில் நாகேஷைப் பார்க்கவில்லை, பாலையாவைத்தான் பார்த்தான். அம்மம்மாவும் அப்படியே. இருவரும் ஒரே நொடியில் சிரித்தார்கள். பிறகு பொடியன் பாலையா போலக் கண்ணை உருட்டி அம்மம்மாவிடம் காட்டினான். அவவும் திருப்பி உருட்டிக் காட்டினா. அந்த வீட்டில் இப்போது அது ஒரு பாஷையாகிவிட்டது என்று தாயார் சொன்னார். தமிழ்ப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது!

'தில்லானா மோகனாம்பா'ளில் அவர் தவில் வித்துவான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு 'பாமா விஜய'த்துக்கு வருகிறேன். 1967, கே. பாலசந்தரின் படம். பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவருகிறாள். அவளுக்குப் பகட்டுக் காட்ட மூன்று மகன்மாரின் குடும்பங்களும் கடன்பட்டு வீட்டை நிரப்புகின்றன. தகப்பன் பாலையா பார்த்துக்கொண்டே இருக்கிறார். இந்தப் பக்கத்தில் புது வீடு வாங்கி, அடுத்த வீட்டுக்காரரின் சோபாவைப் பார்த்துவிட்டு வந்து வங்கிக்குப் போனவர்கள், இதைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்காமல் விடுவது நல்லது.

பாலையா 1972இல், அறுபது வயதைக் காணாமலே காலமானார். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் திரையில் இருந்தவர். இன்றிரவு 'திருவிளையாட'லைப் போடுகிறவர்கள், சிவாஜி பாடும்போது கொஞ்சம் பாலையாவின் பக்கமும் பாருங்கள்.