மனநோயும் நோய்தான்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ் தவிர வேறொன்றைப் பேச வேண்டும் என்று தலைவரிடம் அனுமதி கேட்டேன், தந்தார். நான் பேசப்போவது என் நோயைப் பற்றி.

1994-ஆம் ஆண்டில் எனக்கு வயது 26. இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டும்போது யாரோ பெயர் சொல்லி அழைப்பார்கள். திரும்பினால் ஆளில்லை. பிறகு அந்தக் குரல் ஏசத் தொடங்கியது. தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. முனி அடித்துவிட்டது என்றார்கள். வீட்டில் இருந்த கொஞ்ச நகையும் பூசைக்குப் போயிற்று. அம்மா மீது எனக்குக் குறையில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

லயத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் "தஞ்சோங் ரம்புத்தான்!" என்று கத்துவார்கள். அங்கே 1911-இல் மனநோய் மருத்துவமனை தொடங்கியதிலிருந்து பாவம், அந்த ஊரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. மருத்துவமனைக்குப் பின்னாளில் பகாகியா என்று பெயர் வைத்தார்கள். மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். வசை மட்டும் மாறவில்லை.

குரல்களை அடக்கும் முதல் மருந்து 1952-இலேயே பிரான்ஸில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. மருந்து இருந்தது, என்னை அதனிடம் கொண்டுபோக ஆள்தான் இல்லை.

அந்த ஆளாக வந்தவர் அடுத்த நிரை வெட்டிய அண்ணன். அவர் புத்தி சொல்லவில்லை. மாலையில் வந்து வாசற்படியில் உட்காருவார், தேநீர் குடிப்பார், போவார். ஒரு நாள், "வா தம்பி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வருவோம், எனக்கும் முட்டிவலி" என்றார். முட்டிவலி பொய் என்பது பின்னால்தான் தெரிந்தது. எனக்காக அன்றைய சம்பளத்தை விட்டார்.

உடனே குணமாகிவிடவில்லை. மருந்தால் கை நடுங்கியது. கத்தி ஆழமாக இறங்கிப் பட்டை காயமாகி, கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன். டாக்டரிடம் சொன்னதும் மருந்தை மாற்றினார். பிறகு, சுகமாகிவிட்டது என்று நானே நிறுத்தினேன். மூன்று மாதத்தில் குரல் திரும்பி வந்தது. இன்றும் இரவில் மாத்திரை சாப்பிடுகிறேன். நீரிழிவுக்காரர் சாப்பிடவில்லையா?

கிராணி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைய நிர்வாகம் ஒழுங்காக வேலைக்கு வரவில்லை என்று செக்ரோலில் என் பெயரை அடிக்கப் பார்த்தது. டாக்டர் சீட்டுகளைத் தேடி எடுத்து முன்வைத்தவர் ஒரு கிராணி. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு ஆண்டுக்கு 14 நாள். இரண்டாண்டு வேலை செய்தவருக்கு 18. ஐந்தாண்டு ஆனவருக்கு 22. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. சீட்டில் காய்ச்சல் என்றிருந்தாலும் மனநோய் என்றிருந்தாலும் கணக்கு ஒன்றே.

இன்னொன்று. சாக முயன்றவரைப் பற்றி வெளியே சொன்னால் வழக்கு வரும் என்று பயந்து இன்னும் சிலர் மறைக்கிறார்கள். தண்டனைச் சட்டத்தின் அந்த 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. தயங்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்த அண்ணன் இன்று இல்லை. அடுத்த மாதம் முதல் செவ்வாய் என் ஆஸ்பத்திரி நாள். காலை ஆறரை பஸ். வருவதென்றால் முதல் நாள் இரவே என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கேட்பவர்களிடம், எனக்கு முட்டிவலி, நீங்கள் துணைக்கு வருகிறீர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.