அன்னாளின் கண்ணீர்



ஆலயத்தில் மனங்கசந்து ஜெபித்த அன்னாளைக் குடித்திருப்பதாக ஆசாரியனாகிய ஏலி நினைத்தான். ஊழியக்காரனாகிய நானும் ஒருமுறை அப்படித் தவறினேன். பிள்ளையில்லாத ஒரு சகோதரி சோர்ந்து, முகம் ஊதியிருந்தார். துக்கமே காரணமென்று எண்ணி, ஜெபித்து அனுப்பிவிட்டேன். வீட்டாரோ அவரை மலடி என்றார்கள்.

பிறகு நம் டாக்டர் இரத்தம் பரிசோதித்தபோது, தைராய்டு சுரப்பி குறைவாக வேலை செய்வது தெரிந்தது. கழுத்திலுள்ள இச்சிறு சுரப்பி குறைவாகச் சுரந்தால் உடல் சோரும், மாதவிலக்கு தவறும், கருமுட்டை வெளிவருவது தடைப்படலாம், தரித்த கருவும் கலையலாம். இதற்கு லெவோதைராக்சின் மாத்திரை உண்டு. தினமும் வெறும் வயிற்றில் சாப்பிடவேண்டும். கருத்தரித்தபின்பும் நிறுத்தக்கூடாது, டாக்டர் அளவைக் கூட்டவும் நேரிடலாம். ஏனெனில் முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது.

எல்லாக் குழந்தையின்மைக்கும் இதுவே காரணமல்ல. கணவனையும் பரிசோதிக்கவேண்டும்.

அந்தச் சகோதரியின் சோர்வு நீங்கி, மாதவிலக்கு சீரானது. பிள்ளைக்காக இன்னும் காத்திருக்கிறார். ஆனால் மலடி என்ற சொல் அவ்வீட்டில் நின்றுவிட்டது.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை இப்படிப்பட்ட ஏழைச் சகோதரிகளின் பரிசோதனைக்கும் உதவுகிறது. உங்கள் சபையில் அன்னாள் ஒருத்தி அழுதால் அவளுக்காக ஜெபியுங்கள். பரிசோதனைக்கும் அழைத்து வாருங்கள்.