வெண்டைக்காயில் ஒரு கம்பளிப்பூச்சி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு கொஞ்சம் அழுக்கான எபிசோடு. கையில பெயிண்ட், தரையில பெயிண்ட், கவனிக்காம விட்டா சோபாவுலயும் பெயிண்ட். மூணுல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்களோட உட்கார்ந்து பூச்சிகளை அச்சு போடுறது எப்படின்னு பேசப் போறோம். எனக்குத்தான் குழந்தை இல்லையேன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. அக்கா குழந்தையோ பக்கத்து ஃப்ளாட் வாண்டோ, ஏதோ ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பொறுப்புல வந்து சேரும். அன்னைக்கு இது கைகொடுக்கும்.

என்கிட்ட விட்டுட்டுப் போனது எங்க அக்கா. அவ பொண்ணுக்கு நாலு வயசு. இங்க பாப்பான்னே சொல்றேன். பாப்பாவுக்குப் பூச்சின்னா பயம். எறும்பு வரிசையா போனாக்கூட காலைத் தூக்கி நாற்காலி மேல வெச்சுக்குவா. இந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சுப் பார்த்தா, எறும்பு அவளை ஒண்ணும் பண்ணல. நாங்கதான் பண்ணியிருக்கோம். "சாப்பிடலன்னா பூச்சி வந்து கடிக்கும்", "அந்தப் பக்கம் போகாத, பூச்சி இருக்கு." ஒரு வாய் சாதம் உள்ள போறதுக்காக நாங்க விட்ட கதையெல்லாம் அவ மனசுல அப்படியே தங்கிடுச்சு.

சரி, பூச்சியை வரையச் சொல்லிப் பழக்கலாம்னு ஆரம்பிச்சேன். எடுபடல. நாலு வயசுல விரல்களுக்கு அவ்வளவு பலம் வந்திருக்காது. பென்சிலைப் பிடிக்கிறதே பெரிய வேலை. மனசுல நினைக்கிறது ஒண்ணு, தாள்ல வர்றது இன்னொண்ணு. ரெண்டே நிமிஷத்துல "நீயே வரைஞ்சு குடு சித்தி"ன்னு பென்சிலை என்கிட்ட நீட்டிட்டா.

அச்சுல அந்தத் தொல்லை இல்ல. தொடு, அழுத்து, எடு. உடனே ஒரு உருவம் வந்துடும். கைக்கு வேலை குறைஞ்சதும் கண்ணுக்கு நேரம் கிடைக்குது. இதுக்குத் தலை எங்க, கால் எங்கன்னு குழந்தை பார்க்க ஆரம்பிக்குது. நான் இதைத்தான் முக்கியமா நினைக்கிறேன்.

அச்சு நமக்குப் புதுசும் இல்ல. கிருஷ்ண ஜெயந்திக்கு வாசல்ல இருந்து பூஜை அறை வரைக்கும் கண்ணன் பாதம் வைக்கிறதைப் பார்த்திருப்பீங்க. கையை மூடி, பக்கவாட்டுல அரிசி மாவுக் கரைசலைத் தொட்டு ஒத்தி, மேல விரல் நுனியால அஞ்சு பொட்டு. கையால கால் செய்யுற வித்தை. நாம அதே கையால கால்களோட ஒரு பூச்சி செய்யப் போறோம், அவ்வளவுதான்.

முதல்ல என்னென்ன வேணும்னு பார்த்துடலாம். வெள்ளைத் தாள், போஸ்டர் கலர், ரெண்டு பழைய தட்டு. தட்டுல பெயிண்டை அப்படியே ஊத்தினா குழந்தை முழுக் கையையும் முக்கிடும். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் புதுசா ஒண்ணு எடுத்து நனைச்சுப் பிழிஞ்சு, அது மேல கலரைத் தடவிடுங்க. ஸ்டாம்ப் பேடு ரெடி. கலர் கெட்டியா இருக்கட்டும். தண்ணி கூடினா வழிஞ்சு உருவம் கலைஞ்சுடும். தாளுக்கு அடியில மடிச்ச நியூஸ்பேப்பர் வைங்க. அடியில கொஞ்சம் மெத்துன்னு இருந்தா அச்சு முழுசா விழும். அப்பாவோட பழைய டி-ஷர்ட்டை முன்பின்னா மாட்டிவிட்டா அதுதான் ஏப்ரன்.

எல்லாத்தையும் வாயில வைக்கிற குழந்தையா? அப்போ பீட்ரூட் சாறுல கொஞ்சம் சோளமாவு கலந்து கெட்டியாக்கிக்கோங்க, மஞ்சளுக்கு மஞ்சள்தூள். நாள் ஆக ஆக நிறம் மங்கும், பரவாயில்ல. ஆனா மஞ்சள் கறை துணியில இருந்து லேசுல போகாது. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

இப்போ எறும்பு. சுண்டுவிரல் நுனியால கறுப்புல மூணு பொட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டின மாதிரி. தலை, நெஞ்சு, வயிறு. காய்ஞ்சதும் ஸ்கெட்ச் பேனாவால கால் போடணும். எறும்போட கால் எல்லாம் நடுப் பொட்டுல இருந்துதான் கிளம்பும். பக்கத்துக்கு மூணு, மொத்தம் ஆறு.

அடுத்தது பொறிவண்டு, லேடிபக்னு சொல்றோமே, அதுதான். கட்டைவிரலால சிவப்புல ஒரு ஒத்து. காது குடையுற பட்ஸால கறுப்புப் புள்ளி. பால்கனி ரோஜாச்செடியில கூட்டமா ஒட்டிக்கிட்டுச் சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சியைப் பொறிவண்டுங்க பிடிச்சுத் தின்னும். அதைப் பாப்பாகிட்ட சொன்னேன். பூச்சியைப் பூச்சியே சாப்பிடுமான்னு அவ கேட்ட கேள்வியிலயே பயம் கொஞ்சம் இறங்கி, ஆர்வம் ஏறினது தெரிஞ்சுது.

மூணாவது கம்பளிப்பூச்சி. வெண்டைக்காயைக் குறுக்கா வெட்டுங்க. வெட்டுறது பெரியவங்க வேலை. கொழகொழப்பைத் துணியில துடைச்சுட்டுக் குடுத்தா, ஒவ்வொரு அச்சும் பூ மாதிரி விழும். ஏழெட்டு அச்சை வளைஞ்சு போற மாதிரி வரிசையா வெச்சா கம்பளிப்பூச்சி. உருளைக்கிழங்கும் நல்லா வரும், ஆனா வெட்டின பக்கத்துல ஈரத்தை ஒத்தி எடுக்கணும். இல்லன்னா கலர் ஒட்டாது. ஒண்ணு மட்டும் குழந்தைகிட்ட சொல்லிடுங்க. தாள்ல இருக்கிற கம்பளிப்பூச்சியைத் தொடலாம், முருங்கை மரத்துல இருக்கிறதைத் தொடக்கூடாது. முடி பட்டா அரிக்கும். இது பயமுறுத்தல் இல்ல, உண்மைத் தகவல். குழந்தைக்கு இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் நல்லாவே புரியும்.

அடுத்தது தட்டான். நாலு வேப்பிலையைக் கிள்ளி எடுத்து, நரம்பு எழும்பி இருக்கிற அடிப்பக்கத்துல லேசா கலர் தடவி ஒத்துங்க. நரம்போட விழுந்த அந்த அச்சுதான் நாலு றெக்கை. ஐஸ்கிரீம் குச்சியோட ஓரத்தைக் கலர்ல தொட்டு நடுவுல அழுத்தினா உடம்பு.

கடைசியா பட்டாம்பூச்சி. தாளை மடிச்சு விரிச்சு, ஒரு பாதியில மட்டும் கலரை வெச்சு, திரும்ப மடிச்சு உள்ளங்கையால தேய்க்கணும். அப்புறம் குழந்தையையே பிரிக்கச் சொல்லுங்க. அந்த நொடியில மொபைலைக் கீழ வெச்சுட்டு அவங்க முகத்தைப் பாருங்க. ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்துல, ஓரத்துல கறுப்பு வெச்சா, அது நம்ம மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள்ல இருக்கிறது. 2019ல தமிழ்நாடு அரசு அறிவிச்சது.

செய்முறை இவ்வளவுதான். இனி நான் பண்ணின தப்பைச் சொல்றேன்.

முதல் நாள் பாப்பா ஒரு எறும்பு அச்சு போட்டு, கால் போட ஆரம்பிச்சா. தலையில ரெண்டு, வயித்துல நாலு, எங்கெங்கயோ ஒம்பது கால். நான் சும்மா இருந்திருக்கலாம். "அய்யோ, எறும்புக்கு ஆறு கால்தான்டா"ன்னு பேனாவை வாங்கி, பக்கத்துலயே நான் ஒண்ணு அழகா போட்டுக் காமிச்சேன். அவ என் எறும்பைப் பார்த்தா, தன் எறும்பைப் பார்த்தா. தாளைக் கவுத்து வெச்சுட்டு எழுந்து போயிட்டா. அன்னைக்கு முழுக்கப் பெயிண்ட் பக்கமே வரல.

ராத்திரி யோசிச்சப்போதான் புரிஞ்சுது. அது அழகா இருக்கணும்னு நினைச்சது அவளுக்காக இல்ல, என் வாட்ஸப் ஸ்டேட்டஸுக்காக. பென்சில்ல தோத்துப்போன குழந்தையை அச்சுலயும் தோக்க வெச்சுட்டேன்.

அடுத்த வாரம் வேற மாதிரி பண்ணினேன். பால்கனி ஓரத்துல ஒரு சிட்டிகை சர்க்கரை வெச்சேன். பாப்பா நாற்காலி மேலதான் உட்கார்ந்திருந்தா, இறங்கச் சொல்லல. எறும்புங்க வந்ததும் மொபைல்ல ஜூம் பண்ணி வீடியோ எடுத்து, நிறுத்தி அவ கையில குடுத்தேன். விரலை வெச்சு எண்ணினா. ஒரு தடவை அஞ்சு வந்துச்சு, இன்னொரு தடவை ஏழு. மூணாவது தடவை ஆறு. நான் வாயே திறக்கல. அவளா ஸ்பாஞ்சைத் தேடிப் போனா.

அன்னைக்கு அவ போட்ட எறும்புங்க எல்லாத்துக்கும் ஆறு கால். ஒண்ணுக்கு மட்டும் ஏழு. இதுக்கு ஏன் ஒண்ணு கூடுதல்னு கேட்டேன். "அது ஓடுது சித்தி"ன்னா. இதுக்கு நான் என்ன திருத்தம் சொல்ல?

அதனால நீங்க இதைச் செஞ்சா ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. கால் எண்ணிக்கை முக்கியம்தான், ஆனா அதைச் சொல்ல வேண்டியது எறும்பு. நாம சொன்னா அது திருத்தம், எறும்பைப் பார்த்து அவங்களே எண்ணினா அது கண்டுபிடிப்பு. சிலந்தி வந்தா எட்டு காலையும் அவங்களே எண்ணட்டும். சிலந்தி பூச்சி வகையே இல்லங்கிற விஷயத்தை அப்புறம் நிதானமா பேசிக்கலாம்.

பாப்பாவுக்குப் பயம் முழுசா போயிடுச்சான்னு கேட்டா, இல்ல. கரப்பான்பூச்சி வந்தா இப்பவும் கத்துவா. நானும்தான் கத்துவேன், அதை மறைச்சு என்ன ஆகப்போகுது. ஆனா போன வாரம் சமையல்கட்டுல எறும்பு வரிசையைப் பார்த்து அக்கா துணியை எடுத்தப்போ, "இரும்மா, நான் இன்னும் எண்ணல"ன்னு கீழ குனிஞ்சு உட்கார்ந்தா. நாற்காலி மேல இல்ல, தரையில.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வெண்டைக்காயை சாம்பார்ல இருந்து காப்பாத்தி வைங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.