டிஸ்சார்ஜ் புக்கில் விடுபட்ட மூன்று வரி

(மேட்டுப்பாளையத்தில் முன்னாள் படைவீரர் குடும்பங்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு சின்ன வேலை. இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து அப்பாவோட, தாத்தாவோட டிஸ்சார்ஜ் புக்கை எடுங்கள். பென்ஷன் பக்கத்தை நாம் நூறு தடவை பார்த்திருப்போம். அதை விடுங்க. பதக்கங்கள் எழுதியிருக்கும் பகுதிக்குப் போங்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதவில்லை என்று பாருங்கள். இன்று நான் பேச வந்தது அந்த எழுதாமல் விட்ட வரிகளைப் பற்றித்தான்.

எங்கள் தெருவில் ஒரு தாத்தா இருக்கிறார். வயசு எண்பது. ராணுவத்தில் ஏ.எஸ்.சி. டிரைவர். 1964 ஜனவரியில் சேர்ந்து 1979-ல் வெளியே வந்தவர். அதற்கப்புறம் நம்ம மேட்டுப்பாளையம் லாரி முனையத்திலிருந்து இருபது வருஷம் லாரி ஓட்டினார். எழுபத்தொண்ணாம் வருஷப் போரில் கிழக்குப் பக்கம் வண்டி ஓட்டிய கதையை அவர் சொல்லாத நாள் கிடையாது. பேரன் ஒருநாள் டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல ஒன்பது வருஷ சர்வீஸ் மெடல் மட்டும்தானே போட்டிருக்கு? நீ நெஜமாவே சண்டைக்குப் போனியா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டான். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து போர்க்கதை சொல்வதை நிறுத்திவிட்டார்.

பாட்டிதான் என்னிடம் வந்து சொன்னார்: "நீ கவர்மென்ட்ல எழுதுற வேலைதானே பாக்குற, இவருக்கு ஒரு மனு எழுதிக்குடு." அந்த ஒரு மனுவுக்காக நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

பதக்கம் மூன்று வகை

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் வகை, தேதியை வைத்தே கிடைப்பது. அந்த நாளில் நீங்கள் படையில் இருந்தீர்களா, அவ்வளவுதான் கேள்வி. 1972 ஆகஸ்ட் 15-ல் பணியில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம். 1997-ல் இருந்தவர்களுக்குப் பொன்விழாப் பதக்கம். 2022-ல் இருந்தவர்களுக்கு 75-ம் ஆண்டுப் பதக்கம். 1965 போர் நேரத்தில் 180 நாள் சர்வீஸ் முடித்திருந்தவர்களுக்கு ரக்ஷா மெடல். 9, 20, 30 ஆண்டு சேவைக்கான பதக்கங்களும் இதே மாதிரி வருஷக் கணக்குதான்.

இரண்டாவது வகை, இடத்தை வைத்துக் கிடைப்பது. 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். 1965-க்கு சமர் சேவா ஸ்டார். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கை போய் வந்தவர்களுக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடல், அதன் ரிப்பனில் 'ஸ்ரீலங்கா' என்ற பட்டை. சியாச்சினுக்குத் தனிப் பதக்கம். இதற்கெல்லாம் நீங்களோ உங்கள் யூனிட்டோ அந்த இடத்தில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும்.

மூன்றாவது வகை வீரதீர விருது. பரம் வீர் சக்ரா தொடங்கி சேனா மெடல் வரை. இதை யாரும் மனு போட்டு வாங்க முடியாது. மேலதிகாரி அந்தச் சமயத்திலேயே பரிந்துரைக்க வேண்டும், அரசிதழில் பெயர் வர வேண்டும். ஆனால் முறைப்படி அறிவிக்கப்பட்ட விருது உங்கள் ஆவணத்தில் ஏறாமல் போயிருந்தால், அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். இதில் பணமும் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் முதல் மாதப் படி பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், மகாவீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000, வீரச்செயலுக்கான சேனா மெடலுக்கு 2,000 என்று உயர்த்தப்பட்டது. ஆவணத்தில் ஒரு வரி இல்லையென்றால் இந்தப் படியும் வராது.

முதல் இரண்டு வகைக்கும் மாதப் பணம் கிடையாது. "அப்புறம் எதுக்குங்க அலையணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எல்லாம் பொறித்திருக்கும். கடையில் விற்கும் பதக்கத்தில் அது இருக்காது. எங்கள் தாத்தா எதிர்பார்த்தது பணத்தை அல்ல. பேரன் தன் பேச்சை நம்ப வேண்டும் என்பதைத்தான்.

ஆதாரம் வீட்டிலேயே இருந்தது

தாத்தாவின் புக்கை உட்கார்ந்து முழுசாகப் படித்தோம். சேர்ந்த தேதி 1964 ஜனவரி, வெளியே வந்தது 1979. அப்படியென்றால் 1965-ல் இருந்திருக்கிறார், 1972 ஆகஸ்ட் 15-லும் இருந்திருக்கிறார். ரக்ஷா மெடலும் வெள்ளிவிழாப் பதக்கமும் அவருக்கு உண்டு. தனி ஆதாரமே தேவையில்லை. அதே புக்கின் முன் பக்கத்தில் ஆதாரம், பின் பக்கத்தில் வெற்றிடம்! நாற்பது வருஷமாக யாரும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எப்படி விடுபட்டது? ராணுவத்தில் ஒருவருக்கு நடக்கும் எல்லாமே, கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு, பதக்கம் எல்லாமே, பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவாக யூனிட்டிலிருந்து ரெக்கார்டு ஆபீஸுக்குப் போக வேண்டும். அங்கேதான் அவருடைய பதிவேட்டில் ஏறும். போர் நேரத்திலோ, யூனிட் மாறும்போதோ அந்தத் தாள் போகாமல் இருந்தால் பதிவும் இருக்காது. ஆள் சண்டைக்குப் போயிருப்பார், தாள் போயிருக்காது.

மூன்றாவது, பூர்வி ஸ்டார். அதற்குத்தான் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயரை விட நம்பர் முக்கியம்

மனு எழுதும்போது எல்லாரும் செய்யும் தப்பு, கதையை எழுதுவது. "நான் கொட்டும் மழையில் வண்டி ஓட்டினேன்" என்று நாலு பக்கம். ரெக்கார்டு ஆபீஸில் தேடுபவருக்கு வேண்டியது ஆர்மி நம்பர்.

ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். 1999 கார்கில் போரில் டைகர் ஹில்லைப் பிடித்த 18 கிரனேடியர்ஸ் வீரர் யோகேந்திர சிங் யாதவ். வயசு 19. உடம்பெல்லாம் குண்டு. அவருக்குப் பரம் வீர் சக்ரா அறிவித்தபோது, இறந்தபின் வழங்கும் விருதாகவே முதலில் அறிவித்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அவர் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார், இறந்தவர் அதே பெயருள்ள இன்னொரு வீரர் என்று. நாட்டின் மிகப் பெரிய விருதிலேயே பெயர்க் குழப்பம் வந்திருக்கிறது என்றால், நம் முத்துவுக்கும் சுப்பிரமணிக்கும் வராதா?

அதிலும் நம்ம புதுச்சேரிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய பிறப்புச் சான்றிதழில் பெயர் பிரெஞ்சு முறையில் இருக்கும், ராணுவ ஆவணத்தில் ஆங்கில முறையில் இருக்கும். 'உ' சத்தத்துக்கு ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒரே எழுத்து போதும். பிரெஞ்சில் 'ஓ', 'யூ' என்று இரண்டு எழுத்து சேர வேண்டும். முத்து என்ற மூன்றெழுத்துப் பெயரே இரண்டு தாளில் இரண்டு ஆள் மாதிரித் தெரியும். அதனால் மனுவில் இரண்டு எழுத்து முறையையும் குறிப்பிட்டு, 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரமும் வையுங்கள்.

மனுவை எப்படி அனுப்புவது

ஒரே பக்கம் போதும். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், கடைசி யூனிட், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி. பிறகு, "கீழ்க்கண்ட பதக்கங்கள் எனது டிஸ்சார்ஜ் புக்கில் விடுபட்டுள்ளன. சரிபார்த்துப் பதிவு செய்து, பதக்கங்களை வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்." ஒவ்வொரு பதக்கத்துக்கும் எதிரே, எந்தத் தேதியை அல்லது எந்த இடத்தை வைத்துக் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி.

இணைக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் புக்கின் எல்லாப் பக்கங்களின் ஜெராக்ஸ், பி.பி.ஓ., முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஆதார். வீரர் காலமாகியிருந்தால் மனைவியோ வாரிசோ இறப்புச் சான்றிதழோடும் உறவுச் சான்றோடும் கேட்கலாம். "அவரே போயிட்டாரு" என்று விட்டுவிடாதீர்கள்.

அனுப்ப வேண்டிய இடம் அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.-க்கு செகந்திராபாத். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படை வீரர்களுக்கு டெல்லி. நேராகவும் அனுப்பலாம். ஆனால் சைனிக் வெல்ஃபேர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் முப்படை வீரர் நலத்துறை வழியாக அனுப்புவது நல்லது. அவர்களே சரிபார்த்துக் கடிதம் வைத்து அனுப்புவார்கள். அசல் புத்தகத்தைக் கேட்டால் மட்டும், ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள். யாரோ ஏஜென்ட்டிடம் கொடுக்காதீர்கள்.

பதிலே வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் மூன்றே கேள்வி: என் மனு எந்த நிலையில் உள்ளது, என் பதிவேட்டில் என்னென்ன பதக்கங்கள் பதிவாகியுள்ளன, பதக்கம் தொடர்பான பார்ட் டூ ஆர்டர் நகல் உண்டா? 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தச் சட்டம் தகவலைத்தான் தரும், திருத்தத்தைச் செய்யாது. ஆனால் அந்தத் தகவல்தான் அடுத்த மனுவுக்கு ஆதாரம். முறைப்படி கேட்டும் மறுத்துவிட்டால் கடைசி வழியாகச் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

பிரெஞ்சு சொல்தா வீடுகளுக்கு

இங்கே சில வீடுகளில் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்திருப்பார். இந்தோசீனா, அல்ஜீரியா என்று போனவர்கள். அவர்களுடைய பதிவு நம்ம ரெக்கார்டு ஆபீஸில் இருக்காது. பிரான்சில் போ என்ற ஊரில் படைவீரர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. லிவ்ரே மிலித்தேர் என்ற சிறு புத்தகத்தில் இருக்கும் மத்ரிக்யூல் எண்தான் அங்கே சாவி. இங்குள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தில் வழி கேளுங்கள்.

பதிவே இல்லை என்றால்

சில சமயம், "பழைய பதிவு கிடைக்கவில்லை" என்று பதில் வரும். மனசு உடைய வேண்டாம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் 1973 ஜூலை 12-ல் ராணுவ ஆவணக் கட்டடம் தீப்பிடித்து, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் கோப்புகள் எரிந்துபோயின. சம்பளச் சீட்டு மாதிரி வேறு இடங்களில் இருந்த தாள்களை வைத்து இன்றுவரை அவற்றை மீட்டெடுத்து வருகிறார்கள். ஒரு தாள் போனால் இன்னொரு தாள் பேசும்.

எங்கள் தாத்தா விஷயத்திலும் அதுதான் நடந்தது. ரக்ஷா மெடலும் வெள்ளிவிழாப் பதக்கமும் புக்கில் ஏறிவிட்டன. பூர்வி ஸ்டாருக்கு மட்டும் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. தாத்தாவிடம் ஒரு தாளும் இல்லை. ஆனால் வில்லியனூரில் அவரோடு ஒரே கம்பெனியில் இருந்த நண்பர் ஒருவர் இருந்தார். இருவரும் பார்த்தே பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பேரன்தான் தாத்தாவை வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனான். அந்த நண்பரின் புக்கில் அதே கம்பெனி பெயர், அதே வருஷம், பூர்வி ஸ்டார் பதிவு. அந்த ஜெராக்ஸையும் நண்பரின் கையெழுத்திட்ட வாக்குமூலத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

ஆனால் அன்று அந்த இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து, எந்தப் பாலத்தில் எந்த வண்டி நின்றது, யார் தள்ளினார்கள் என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். பேரன் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்தான். திரும்பி வரும்போது, "சாரி தாத்தா" என்றானாம். "வரி ஏறுதோ இல்லையோ, நீ ஏத்துக்கிட்டியே" என்றாராம் தாத்தா.

இருந்தாலும் வரியும் ஏறட்டும். அது அவருக்குச் சேர வேண்டியது. சாட்சி சொல்ல நண்பர்கள் இருக்கும்போதே, கேட்டு மகிழ அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயம். புக்கைத் திறந்த கையோடு மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாம் ஆதாரோடும் ஸ்பர்ஷ் பென்ஷன் தளத்தோடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் அந்த எழுத்துகளை நம்பித்தான் இருக்கிறது.

முதலில் சொன்னதுதான். வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறங்கள். முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் அந்த ஒரு பக்க மனுவை இந்த வாரமே எழுதுங்கள்.