மிதிவண்டியின் கியர் இடறுவது ஏன்?



கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் நம் பிள்ளைகள் ஓட்டும் மிதிவண்டிகளுள் பல கியர் பொருத்தப்பட்டவை. கியரை மாற்றும்போது கரகரவென்று ஓசை எழுவதையும், சங்கிலி தாவுவதையும் நாம் அடிக்கடி காண்கிறோம். இதனைச் சிறு தொல்லையென ஒதுக்கலாகாது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் விரையும் சாலையைக் கடக்கையில் சங்கிலி நழுவினால், கால் வழுக்கிப் பிள்ளை விழ நேரும்.

இதற்காக உடனே புதிய கருவி வாங்க வேண்டுவதில்லை. பல வேளைகளில் குறை கருவியில் இல்லை. அதனை இழுக்கும் கம்பியிலேயே உள்ளது.

பின்சக்கரத்தில் சிறிதும் பெரிதுமாகப் பற்சக்கரங்கள் அடுக்கப்பட்டுள்ளன. கைப்பிடியிலுள்ள விசையை இயக்கினால், எஃகுக் கம்பி இழுபட்டுச் சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்திற்கு ஏற்றுகிறது. கம்பி தளர்ந்தால் சுருள்வில் அதனைச் சிறியதற்கு இறக்குகிறது. முற்காலத்தில் விசையைக் கையால் சற்றே நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். 1984-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் வெளியிட்ட, ‘கிளிக்’ என்று நிற்கும் விசை பின்னர் உலகெங்கும் பரவியது. இவ்வகை விசையில் கம்பி சிறிது தளர்ந்தாலும் சங்கிலி பற்சக்கரத்தில் சரியாகப் பொருந்தாது.

நம் வட்டாரத்தில் மழை மிகுதி. கடலோரக் காற்றில் உப்பும் உண்டு. தோட்டப் பாதையின் சேறும் சேர்ந்து கம்பியின் உறைக்குள் புகுகிறது. கம்பி துருவேறி இறுகுகிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டுவன இவை:

முதலாவது, சங்கிலியைப் பழந்துணியால் துடைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். வழியும் எண்ணெய் மண்ணையே சேர்க்கும்.

இரண்டாவது, கம்பியைப் பார்க்க வேண்டும். துருவேறியோ இழை பிரிந்தோ இருந்தால், கம்பியையும் உறையையும் சேர்த்தே மாற்றுவது நன்று.

மூன்றாவது, பின்சக்கரத்தைத் தூக்கி, மிதியைக் கையால் சுற்றிக் கியரை மாற்றிப் பார்க்க வேண்டும். சங்கிலி பெரிய பற்சக்கரத்திற்கு ஏறத் தயங்கினால் கம்பி தளர்ந்துள்ளது. கம்பி வந்து சேருமிடத்திலுள்ள, கையால் திருகத்தக்க சிறு உருளையை இடப்புறமாக அரைச் சுற்று திருப்புக. சிறியதற்கு இறங்கத் தயங்கினால், கம்பி தடையின்றி ஓடுகிறதா என்று முதலில் பார்த்து, பின்னர் வலப்புறமாக அரைச் சுற்று திருப்புக. ஒவ்வொரு முறையும் சோதித்த பின்னரே மறுபடியும் திருப்ப வேண்டும்.

கருவியிலுள்ள இரு சிறு திருகாணிகளைத் தொடலாகாது. அவை சங்கிலியின் எல்லையைக் காப்பவை. எல்லை தவறினால் சங்கிலி சக்கரக் கம்பிகளுக்குள் விழுந்து, சக்கரம் திடீரென நின்றுவிடும். வண்டி விழுந்த பின்னர் குறை தோன்றியிருந்தால், பின்புறமிருந்து கருவியை நோக்குக. அது கோணியிருப்பின் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்வதே தக்கது.

சங்கிலியின் தேய்மானத்தை அளவுகோலால் அறியலாம். 24 இணைப்புகளின் நீளம் 12 அங்குலம் இருத்தல் வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். காலந்தாழ்த்தினால் பற்சக்கரங்களும் தேய்ந்து, செலவு பெருகும்.

மேட்டில் ஏறுமுன்பே கியரை மாற்றவும், மாற்றும்போது மெல்ல மிதிக்கவும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். துடைப்பதையும் எண்ணெய் இடுவதையும் அவர்களைக் கொண்டே செய்விப்போம். தம் வண்டியைத் தாமே பேணும் பிள்ளைகள் அதனைக் கவனமாகவும் ஓட்டுவர்.